வயித்த வெட்டுனா இருமல் எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

இன்னும் ஆத்திரம் அடங்கல. வயித்துல ஆபரேசன் ஆகி வீட்டுக்காரர் ரெண்டு வாரமா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல படுத்திருக்கார். நெஞ்சுல சளி கட்டியிருக்கு, இருமித் துப்ப முடியல. இன்னிக்குக் கங்காணி வாசல்ல நின்னு, "வயித்தத்தானே வெட்டுனாங்க, நெஞ்சுக்கு என்ன? நடிக்கிறான் லா"ன்னு சிரிச்சான்.

நர்ஸ் சொன்னத அப்படியே சொன்னேன். "சும்மா விடுற மூச்சு தானா வெளிய போயிரும். இருமணும்னா வயித்துச் சதை இறுகிக் காத்தத் தள்ளணும். உங்க வயித்துல கைய வச்சு இருமிப் பாருங்க!"

இருமினான். வயிறு இறுகுனது அவன் கைக்கே தெரிஞ்சிருக்கும். இருந்தும், "திங்கக்கிழமை கொழுந்து மூட்டை ஏத்த வரச் சொல்லு"ன்னான்.

இவரு தலையணைய வயித்தோட அமுக்கிக்கிட்டு, "வந்துர்றேங்க"ன்னார்.

கங்காணிய விட இவர் மேலதான் எனக்குக் கோவம். சோத்தப் போட்டேன். தட்ட டொக்குனு வச்சுட்டு நகந்துட்டேன்.