கதவு பொருந்திய சேதி

அன்புள்ள தம்பி,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ பதறிப்போவாய். கெட்ட சேதி எதுவும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எத்தனையோ தடவை ஆரம்பித்துவிட்டேன். "நம்ம வண்டி" என்று வாயைத் திறந்ததுமே, "அக்கா, சூப்பர்வைசர் கூப்பிடறார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். காலை, மாலை, விடுமுறை நாள் என்று பார்க்காமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் அந்த மகராசனை ஒருநாள் பார்க்க வேண்டும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

கடை நன்றாகப் போகிறது. விடுதி ஒன்றிலிருந்து அறைக்கெல்லாம் புது மெத்தை கேட்டிருக்கிறார்கள். உறை தைத்துத் தைத்து என் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. பாப்பா என்னைவிட உயரமாகிவிட்டாள். அவளுடைய பழைய பாவாடைகளை நான் போட்டுக்கொள்ளலாம் என்று கேலி செய்கிறாள். உன் அத்தான் வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். தெருவுக்குப் போனால் மட்டும் எடுத்துக்கொள்கிறார். கேட்டால் நாய்க்கு என்கிறார். நம் தெருவில் இருப்பது ஒரே ஒரு கிழட்டு நாய், அதற்குப் பல்லே இல்லை.

நீ அங்கே வண்டி ஓட்டுகிற வேலை கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டு, குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்குவதாக உன் அறைத் தோழர் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

இனி வண்டி விஷயம். அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும், பொறுத்துக்கொள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மெத்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். நீ ஓட்டினாய். பக்கத்தில் அத்தான் தூங்கிவிட்டார். நேரான சாலை, எதிரே ஈ காக்கை இல்லை. வண்டி இடதுபக்கமாகத் திரும்பிப் பாலத்துச் சுவரில் மோதியது. மெத்தைகள் எல்லாம் சாலையில் கிடந்தன, அத்தான் மட்டும் இரும்புக்கு நடுவில் மாட்டித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ முதலில் சொன்னது, "வண்டி தானா இழுத்துச்சுக்கா" என்பதுதான். பெரியப்பா பக்கத்தில் நின்றார். "நேர் ரோட்ல வண்டி எப்படிப்பா தானா இழுக்கும்? வயிறு நிறைஞ்சா கண்ணு சொக்கத்தான் செய்யும்" என்றார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். மறுநாள் நீயும், "ஆமாக்கா, கண் அசந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டாய். அதற்கப்புறம் அத்தானின் முகத்தைப் பார்த்து நீ பேசியதே இல்லை. பிறகு ஊரைவிட்டே போய்விட்டாய்.

வண்டியைக் கடைக்குப் பின்னால் சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து வந்து கேட்டார். நான் தள்ளிவிடலாம் என்றேன், எனக்கு அதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை. அத்தான் அசையவில்லை. காலுக்கு வலு வந்ததும் ஒருநாள் தானே போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். "இதை ஓட வைக்கப் போறேன்" என்றார். எதை வைத்து, எப்படி என்று நான் கத்தியதெல்லாம் காதில் ஏறவில்லை.

பட்டறைக்காரர்கள் வந்து சங்கிலி மாட்டி முன்பக்கத்தை இழுத்து நேராக்கினார்கள். அடியில் ஓடுகிற சேஸ் சட்டம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் தகடு வேலைக்கு ஒரு டிங்கரை அழைத்து வந்தார் அத்தான். விசித்திரமான மனிதர். நம்மிடம் இரண்டு வார்த்தை பேசமாட்டார், கதவோடு நாள் முழுக்கப் பேசுவார். "உக்காருடி கண்ணு, ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கிற" என்று கொஞ்சுவார். கொஞ்ச நேரத்தில் அதையே காது கூசத் திட்டுவார். பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

நசுங்கியதையெல்லாம் தட்டி நிமிர்த்திவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். அங்கேதான் வினை பிடித்தது. இடதுபக்கக் கதவு உட்காரவே இல்லை. மேலே கேபினோடு உரசியது, கீழே என் விரல் நுழைகிற சந்து. கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கிப் பூட்டினார்கள். கதவு ஒருவாறு மூடியது, ஆனால் முன்னால் இருக்கிற மட்கார்டு கதவோடு சேராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாஷர் வைத்து மட்கார்டை நகர்த்தினால் பானெட் கோணிக்கொண்டது. பானெட்டைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் கதவு மறுபடியும் உரசுகிறது. இப்படியே நாட்கள் போயின. டிங்கர் கதவைத் திட்ட, அத்தான் டிங்கரைத் திட்ட, நான் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் தேநீரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உறை தைக்கும்போது இப்படி ஆவது உண்டு. ஒரு மூலையை இழுத்துச் சரிசெய்தால் எதிர் மூலை சுருங்கும். அப்படி வந்தால் தையலில் குற்றம் இல்லை, துணியையே கோணலாக வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். அதைச் சொன்னேன். அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உன் நூலை எடுத்துட்டு வா" என்றார். கேபின் உட்காருகிற நான்கு இடத்திலும் மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து அளந்தோம். ஒரு குறுக்கு நீளம், இன்னொன்று குட்டை. கேபினின் இடதுபக்கக் கால் கீழே இறங்கியிருந்தது. மேலே என்ன தட்டினாலும் கதவு எப்படிச் சேரும்?

ஜாக்கி வைத்துக் கேபினைத் தூக்கினார்கள். டிங்கர் அடியில் படுத்துச் சேஸைச் சுரண்ட ஆரம்பித்தார். வெகுநேரம் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அண்ணே, இங்க வாங்க" என்று அவர் கூப்பிட்ட தினுசே எனக்கு என்னவோ போல் இருந்தது.

தம்பி, இந்த இடத்தை நிதானமாகப் படி. முன் சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங்கைச் சேஸோடு பிடித்துவைக்கிற இடம் இருக்கிறதே, இடதுபக்கம், அங்கே ஒரு ஒட்டுத் தகடு இருந்தது. அழுக்கும் பெயிண்டும் மூடி, கண்ணுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பட்டறைக்காரர்களும் கவனிக்கவில்லை. தகட்டைப் பிடித்திருந்த வெல்டிங் விட்டுப்போயிருந்தது. தகட்டைப் பெயர்த்தால் உள்ளே சேஸிலேயே விரிசல், பாதிக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த விரிசலின் உள்ளே, ஆழத்தில், கறுப்புப் பெயிண்ட். புரிகிறதா? நாம் வாங்கிய பிறகு அடிப்பாகத்தில் பெயிண்ட் அடித்ததே கிடையாது. நமக்கு விற்றவனோ அவனுக்கு முன்னால் வைத்திருந்தவனோ, விரிசலின் மேல் பெயிண்ட் பூசி, அதன்மேல் தகடு ஒட்டி, தகட்டின் மேலும் பூசித் தள்ளிவிட்டிருக்கிறான். நம் கடைப் பாஷையில் சொன்னால், கிழிசலைத் தைக்காமல் மேலே புதுத் துணி போர்த்தி விற்ற மெத்தை.

டிங்கர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது மோதி உடைஞ்சது இல்லண்ணே. உடைஞ்சுதான் மோதியிருக்கு. இந்த இடம் விட்டுப்போச்சுன்னா சக்கரம் பின்னால போயிடும், வண்டி லெஃப்ட்ல பாயும். எந்தக் கொம்பனாலயும் பிடிச்சு நிறுத்த முடியாது."

அத்தான் கீழே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறதோ என்று ஓடினேன். "இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். அந்தக் காலோடு தரையில் படுத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு தானே பார்த்தார். வெளியே வந்து, "தானா இழுத்துச்சுன்னு சொன்னானே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "சொன்னானேடி. முதல்லயே சொன்னானே." பிறகு சிரித்தார். நாம் பார்த்துப் பழகின சிரிப்புதான், தோள் குலுங்கக் குலுங்க. விபத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. நான் உள்ளே போய்ப் பஞ்சு மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். துக்கம் இல்லை. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

பெரியப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா" என்கிறார். அத்தான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார், நான் ஏதாவது பேசிவிடுவேன் என்று.

ஒன்று மட்டும் நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. இரும்பு வந்து சாட்சி சொன்ன பிறகுதான் எங்களுக்கு மனம் இளகியது என்று எண்ணாதே. அன்று சாயங்காலம் அத்தானிடம் நானே கேட்டேன், ஒருவேளை அவன் நிஜமாகவே தூங்கியிருந்தால் என்று. "தூங்கியிருந்தா என்ன? பக்கத்துல உக்காந்து பேச்சுக் கொடுக்க வேண்டிய நான் குறட்டை விட்டேன். என்னை யாராவது கேட்டாங்களா?" என்றார். அவருக்கு வலித்தது எலும்பு மட்டும்தான் தம்பி. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாக அவர் வாயில் வந்ததில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்தார்கள். திரும்ப நூல் பிடித்து அளந்தோம், இரண்டு குறுக்கும் ஒன்றாக வந்தன. கேபினை இறக்கி, அடியில் புது ரப்பர் வைத்து, முதலில் கதவு, அதற்குப் பிறகு மட்கார்டு, கடைசியில் பானெட் என்று மாட்டினார்கள். டிங்கர் கதவைத் தள்ளவில்லை, விரல் நுனியால் தொட்டார். "டொப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. மெத்தை ஓரத்தில் வைத்துத் தைக்கிற நாடாவைக் கொண்டுவரச் சொல்லிக் கதவைச் சுற்றிலும் இடுக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். எங்கேயும் சிக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. பாப்பா அந்தக் கதவை எத்தனை தடவை திறந்து மூடினாள் என்று கணக்கே கிடையாது. கடைசியில் டிங்கர், "போதும் கண்ணு, அதுக்கு வலிக்கும்" என்றார்.

வெட்டி எடுத்த இரும்புத் துண்டு தையல் மிஷின் பக்கத்தில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பு என்று பாப்பா சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். அதை நீ கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருக்கிற கறுப்பை உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

இன்னும் வலதுபக்கக் கதவு மாட்டவில்லை. அது ஒன்றும் பெரிய வேலை இல்லையாம். ஒரு ஆள் கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் கீலை முடுக்க வேண்டும். டிங்கர் அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். அத்தான், "அது கிடக்கட்டும். அதை மாட்ட ஆள் இருக்கு" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். கதவு பெயிண்ட் அடித்துப் பழைய போர்வை சுற்றிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. ஓட்டுகிறவர் பக்கம் திறந்தே கிடப்பதால் குருவி ஒன்று உள்ளே போய்ப் போய் வருகிறது. கூடு கட்டிவிட்டால் அப்புறம் கலைக்க மனசு வராது, சீக்கிரம் மாட்ட வேண்டும் என்று உனக்கு எழுதச் சொன்னார். வேறு ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

குளிரில் வேலை செய்கிறாய், காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் அண்டாமல், நிமிர்ந்த தலையோடு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். விடுப்பு எப்போது கிடைக்கும் என்று அந்தச் சூப்பர்வைசரைக் கேள். அவர்தான் சும்மா சும்மா கூப்பிடுகிறவர் ஆயிற்றே, இந்தத் தடவை நீயாகப் போய் நில்.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா