ஒரு கடிதத்துக்கு ஒரு குறை

ஜனவரி 9

என் அவசரக்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. அதனால்தான் இனிக் கடிதம் என்று பேசி வைத்தோம். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு குறைதான் சொல்லலாம் என்பது உங்கள் யோசனை, மறந்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, சேர்ந்து வாழ்வதா தனித்தனியா என்று முடிவு செய்துகொள்வோம்.

பஸ் ஓட்டும் பயிற்சிக்கு நாற்பத்தொரு வயதில் வந்தவள் நான் ஒருத்திதான். இன்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உண்மையில் அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

குறை: பதினாறு வருடமாக என் கையில் இருப்பதையெல்லாம் பிடுங்கி, "இப்படிக் குடு, நான் பண்றேன்" என்றீர்கள். ஊசியில் நூல் கோக்கக்கூட விட்டதில்லை. கடைசியில் அந்த ஜாம் பாட்டில் மூடி. இன்னும் அரைச் சுற்றுதான் பாக்கி இருந்தது.

வீட்டுக்காரி (தற்சமயம் வெளியூர்)

ஜனவரி 20

ஓட்டுநர் அம்மாவுக்கு,

பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். தாளில் கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள். சமைக்கிறேன். முதல் நாள் கருகியது, இரண்டாம் நாளும் கருகியது, மூன்றாம் நாள் எனக்குக் கருகல் பழகிவிட்டது.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரும், "விடுங்க, நானே திறந்துக்கறேன்" என்று சொன்னதில்லையே.

குறை: போகும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை.

ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று மூன்று பக்கம் படம் வரைந்து இணைத்திருக்கிறேன். அம்புக்குறியைப் பார்த்து ஓட்டு.

அவசரக்காரன்

பிப்ரவரி 2

என் அவசரக்காரருக்கு,

குறை: அந்தப் படங்கள். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரிவர்ஸ் தேர்வில் தோற்றுவிட்டேன். தூணில் உரசிப் பக்கக் கண்ணாடி போயிற்று. பயிற்சி கொடுப்பவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா தூண் எங்க இருக்குன்னு எனக்குத்தானே தெரிஞ்சிருக்கும்? அது எங்கயும் போகாதுக்கா, நாளைக்கு வாங்க" என்றாள்.

அறைக்கு வந்து நன்றாக அழுதேன். பிறகு நன்றாகத் தூங்கினேன். என்னை நம்பி ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரி (இன்னும் வெளியூர்)

பிப்ரவரி 17

ஓட்டுநர் அம்மாவுக்கு,

படங்கள் வந்தன. இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

நேற்று என்னோடு வேலை செய்பவர் லிஃப்ட் கதவுக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். என் கை தானாகப் போயிற்று. "அண்ணே, எட்டு வருஷமா உங்ககூட இருக்கேன். இந்த ஒண்ணையாவது நானே முடிச்சுக்கறேனே" என்றார். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் எடுத்தார். ஆனால் சரியாக மாட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் விட்டிருந்தால் நீ எத்தனை மூடிகளைத் திறந்திருப்பாய்.

குறை எதுவும் தோன்றவில்லை. அடுத்த தடவை இரண்டாக எழுதிக்கொள்கிறேன்.

அவசரக்காரன் (குறைத்துக்கொண்டு வருகிறேன்)

மே 28

என் முன்னாள் அவசரக்காரருக்கு,

மூன்றாம் தடவையில் தேறிவிட்டேன். பதினான்காம் நம்பர் பஸ் இப்போது என் பஸ். தூணை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். குறை உங்கள் மேல் இல்லை. சீருடை தோளில் இறுக்குகிறது.

வீட்டுக்காரி

ஜூன் 24

ஓட்டுநர் அம்மாவுக்கு,

நேற்று உன் ஊருக்கு வந்து உன் பஸ்ஸில் ஏறினேன். சொல்லாமல் வந்தது தப்புதான். முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சந்தில் எதிரே லாரி வந்து அடைத்துக்கொண்டதும் நீ ரிவர்ஸ் எடுத்தாய். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். "இடதுபக்கம் ஒடி" என்பது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீ வலதுபக்கம் ஒடித்தாய். அதுதான் சரி.

மற்றவர்களுக்கு அது தினப்படி விஷயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில் பேச்சு வராமல் இறங்கிப் போய்விட்டேன்.

ஆறு மாதம் முடியப்போகிறது. முடிவை நீ சொல். நான் முந்திக்கொள்ள மாட்டேன்.

உன்னவன்

ஜூன் 30

என்னவருக்கு,

பஸ்ஸில் எனக்கு எத்தனை கண்ணாடி என்று நினைத்தீர்கள்? கடைசி சீட்டும் தெரியும், தொடைக்கு அடியில் போன கைகளும் தெரியும். சந்தைத் தாண்டிய பிறகு தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

குறை: ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனீர்கள்.

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. நீங்கள் பிடுங்கினீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்; உதவி வேண்டும்போது வாய் திறந்து கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். புது ஜாம் பாட்டில் வாங்கியிருக்கிறேன். துணி சுற்றி, வெந்நீரில் வைத்து, திட்டியும் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாக மூடி அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எனக்கு வேலை முடியும். இந்த ஊரிலும் லிஃப்டுகள் நன்றாகவே கெட்டுப்போகின்றனவாம், விசாரித்துவிட்டேன். அதனால் பெட்டியோடு வாருங்கள். முதலில் நான் இன்னொரு தடவை முயன்று பார்ப்பேன். அதற்குப் பிறகு பாட்டிலை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி