தூண் அசையவில்லை

மச்சான்,

புட்டு மூடி வைத்திருக்கிறேன். மீன் ஆணத்தைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஸ்டூடியோப் பூட்டின் திறப்பு அலுமாரிக்கு மேலே. மூன்று நாளாக நீங்கள் அதைத் தொடவில்லை.

பத்து மணிக்கு என் தம்பி நிஹார் கட்டாரிலிருந்து போனில் கோல் எடுப்பான். நாளை விமானம் ஏறுகிறான். எந்த லென்ஸ் வாங்குவது என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். கைநடுக்கம் தாங்கும் லென்ஸ்தான் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். “சுனாமியில கடல் வந்த அண்டைக்கு தகரம் கிழிச்ச கை, அது இனி நடுங்காம நிக்குமா?” என்று உம்மாவுக்கு முன்னால் கேட்டேன். நீங்கள் எழும்பிப் போய்த் திறப்பை அலுமாரிக்கு மேலே வைத்தீர்கள்.

விடிய சுபஹ் தொழுத பிறகு படுக்க முடியவில்லை. நீங்கள் எடுத்த மருதமுனைக் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாப்பிள்ளை மங்கல், அவர் தங்கச்சியும் மங்கல். ஆனால் பின்னால் நின்ற தூணும் சுவர் மணிக்கூடும் அத்தனை தெளிவு. கை நடுங்கியிருந்தால் தூணும் அல்லவா கலங்கியிருக்கும்? பிளாஷ் அடிக்க வேண்டாமென்று சொன்ன கல்யாண வீடு. வெளிச்சம் போதாமல் கமரா மெதுவாக எடுக்க, அவர்கள்தான் சிரித்து அசைந்திருக்கிறார்கள். கூடுதல் வெளிச்சம் வாங்கும் வாய் அகன்ற லென்ஸ் என்று நீங்கள் கேட்டதுதான் சரி.

ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து எழுதுகிறேன். என் பிழையை உம்மாவிடமும் சொன்னேன். “அவர்ட கைய விடு புள்ள, உன்ட வாய முதல்ல நிப்பாட்டு” என்று ஏசினா.

இன்னொன்று. நிஹார் விடியவே எனக்கு எடுத்து, “மச்சான்ட கைக்கு எது நல்லம்?” என்று கேட்டான். கைக்கு ஒன்றுமில்லை, எந்த லென்ஸ் என்று அவரிடமே கேள் என்று சொல்லிவிட்டேன்.