கடலில் தள்ளிய வெங்காயம்

இன்று காலை பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். தோணியில் ஏற்ற வைத்திருந்த வெங்காய மூட்டைகள் மழையில் நனைந்து கிடந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நடுத்தெருவில் நிறுத்தி அழவைக்கிறாயே, இது நியாயமா?

எழுபதுகளின் நடுவில் சென்னையில் நாம் படித்த படிப்பை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. சட்டமும் அண்டை நாடுகளைப் பற்றிய ஆய்வும் சேர்ந்த முதுகலை. காலையில் சட்டம், மாலையில் இலங்கை வரலாறும் சிங்களமும். ஆற்றங்கரை வயல்காட்டிலிருந்து வந்த எனக்கு அது வெறும் பட்டம். உன் அப்பாவோ கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல். "ஏளா, எங்கப்பா பொழப்பு ரெண்டு கரைக்கும் நடுவுல கெடக்கு. ரெண்டு கரையும் தெரிஞ்ச ஒரு வக்கீலு எங்க தெருவுக்கு வேணும்லா" என்பாய்.

இரண்டாம் வருஷம் தோணி புயலில் சிக்கியது. மூழ்காமலிருக்க உன் அப்பா வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொன்னார். ஆள் பிழைக்கச் சரக்கைத் தள்ளுவது தோணிக்காரர் வழக்கம்தான். கரைக்கு வந்து, நான்தான் தள்ளச் சொன்னேன் என்று தண்டல் மாதா மேல் சத்தியம் செய்தால், வியாபாரிகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆனால் காற்று அவரைக் கொழும்புக்கும் விடாமல், இலங்கையில் ஏதோ ஒரு தெரியாத கரைக்கல்லவா கொண்டுபோய்ச் சேர்த்தது! வெறும் தோணியைப் பார்த்த அந்த ஊர்ப் போலீசார், கடத்தல் சரக்கைக் கடலில் போட்டுவிட்டான் என்று பிடித்தார்கள். அவரும் நம்மூர் நினைப்பில், "ஆமா, நாந்தான் தள்ளச் சொன்னேன், மாதா மேல சத்தியம்" என்று தானே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள்.

சரக்கைத் தள்ளுவதைப் பற்றி நம் கடல்சட்டப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சட்டப் பேராசிரியரிடம் ஓடினோம். "வெளிநாட்டு விவகாரம்மா, அந்தத் துறையில கேளுங்க" என்றார். அங்கே போனால், "இது கோர்ட் சமாசாரமாச்சே" என்றார்கள். படி இறங்கும்போது நீ சிரித்தாய். "ரெண்டையும் சேத்துப் படிச்சு என்ன புண்ணியம்? சேத்துப் பாக்க ஒருத்தரும் இல்லியே." எனக்கு எரிச்சலாக வந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

அதன்பிறகு விடுதி மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் ஒரே சிங்கள வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பாய். "மகே தாத்தா ஹொரெக் நெவெய்." அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அப்பா; என் அப்பா திருடன் இல்லை. அங்கே போய் நீதிபதியிடம் உன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாய். உனக்குப் பாஸ்போர்ட் வருமுன்னே, அவர் சிறையில் காய்ச்சலில் போய்விட்டார் என்ற சேதி வந்தது. அடக்கம் செய்த இடம்கூடத் தெரியவில்லை. நாம் பட்டம் வாங்கினோம். என்னத்துக்கு வாங்கினோமோ.

போன மாதம் ஆஸ்பத்திரியில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, அம்மா என்னமோ பாஷையில பேசிக்கிட்டே கெடக்கா. ஒண்ணும் வெளங்கல." குனிந்து கேட்டேன். அதே வாக்கியம். "தெரியும்ளா, எனக்குத் தெரியும்" என்று உன் காதில் சொன்னேன். நீ நிறுத்தவில்லை. நான் நீதிபதி இல்லையே.

இன்று அந்த மூட்டைகளுக்கு முன்னால் நின்று அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டேன். மூட்டை தூக்குகிறவர் திரும்பிப் பார்த்து, "யாரைத் தேடுதிய, அம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று வந்துவிட்டேன். படித்த சிங்களமெல்லாம் மறந்துபோயிற்று. அந்த ஒரு வரி மட்டும் போகமாட்டேன் என்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ச் சொல்ல?