டப்பாவுக்கு உள்ளே வைத்த பொட்டு

விரல் நுனியில் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் நிற்கிறது. நெற்றியில் இட்டுக்கொண்டதால் வந்ததல்ல. உன் போர்டைச் சுரண்டியபோது ஒட்டியது. நீ இருந்திருந்தால் இந்த ஒரு வாக்கியத்திலேயே நடந்தது முழுக்க விளங்கியிருக்கும், என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். நீ இல்லாததால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த டப்பாவை நீ கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ தர்மபுரியில் சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போனாய். நான் அப்பா போனதும் பாலக்கோட்டுப் பக்கம் இந்தத் தக்காளிக் காட்டுக்கே திரும்பிவிட்டேன். இங்கே மோட்டார் ஓடத் தேவையான த்ரீபேஸ் கரண்டு அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். அது எப்போது வரும் என்று மோட்டார் கொட்டாயில் நான் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து உனக்கே வெறுத்துவிட்டது. சாப்பாட்டு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய்.

"என்னாடி, பிரியாணியா?" என்றேன்.

"தின்னு பாரு, பல்லு போவும்" என்றாய். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, பக்கத்தில் சிம் போட்ட சில்லு, பின்னல் பின்னலாக ஒயர். த்ரீபேஸ் வந்தால் அது என் போனுக்கு மெசேஜ் அனுப்பும். நான் பதிலுக்கு 'ஆன்' என்று அனுப்பினால் மோட்டாரைப் போட்டுவிடும்.

அந்த மெசேஜை நீதான் எழுதினாய். ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து ஏற்றியிருந்தாய்: 'எந்திரிடி, கரண்டு வந்துருச்சி.' ஆன், ஆஃப் தவிர வேறு எதை அனுப்பினாலும் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாய்: 'புரியல, ஒழுங்கா சொல்லுடி.' விவசாயத்துக்குச் செய்கிற சாமானில் இப்படியா எழுதுவார்கள் என்று திட்டினேன். "ஒனக்கு இப்பிடிச் சொன்னாத்தான் ஒறைக்கும்" என்று சிரித்தாய்.

வைகாசியில் நீ போய்விட்டாய். உன் காரியம் முடிந்து திரும்பி வந்த மறுநாள் காலை, செருப்பைக்கூட எடுத்து வைக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. 'எந்திரிடி, கரண்டு வந்துருச்சி.' அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு ஆறுதல் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆனாலும் எழுந்து 'ஆன்' அனுப்பினேன். செடி காய்ந்து கிடந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதன்பிறகு சில நாள் சும்மாவே அந்த நம்பருக்கு அனுப்புவேன். 'சாப்டியா' என்பேன். 'புரியல, ஒழுங்கா சொல்லுடி' என்று வரும். 'மழை வரும்போல இருக்கு' என்பேன். அதற்கும் அதேதான். காட்டில் வேலை செய்யும் பெண்கள் அக்கா என்கிறார்கள், மண்டியில் அம்மா என்கிறார்கள், பேங்கில் மேடம். என்னை டி போட்டுப் பேச உன் டப்பா ஒன்றுதான் மிச்சம்.

ஆயுத பூசை முடிந்த மறுநாளிலிருந்து அதுவும் பேசவில்லை. கரண்டு வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "ஏங்க, கரண்டு வந்து இன்னேரம் பாதிக் காடு பாஞ்சிருக்கும், நீங்க மோட்டர் போடலிங்களா?" என்று கேட்டார். கொட்டாய்க்கு ஓடி மோட்டாரைக் கையால் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் எப்போதும் கண்ணடிக்கிற நீல விளக்கு செத்துக் கிடந்தது.

"மொதல்ல கரண்டு, அப்பறம் ஒயரு, கடைசியாத்தான் மூள" என்பாய். அந்த வரிசையிலேயே போனேன். கரண்டு வந்துகொண்டிருந்தது. ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். சிம்முக்குக் காசு இருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து லேப்டாப்பில் செருகினால், போர்டு என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு உன் கடையில் நாம் இருவரும் ஒரு மத்தியானம் முழுக்க ஒரு போர்டோடு மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. கடைசியில் நீ கேபிளைத் தூக்கி எறிந்தாய். "இது சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிளுடி, பேச்சு போவாது" என்றாய். நீ இங்கே விட்டுப்போன பழைய பையில் தேடி வேறு கேபிளை எடுத்துப் போட்டேன். லேப்டாப்புக்குப் போர்டு தெரிந்தது. ஆனால் என்ன கேட்டாலும் பதில் இல்லை.

தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். உன் கடைக்குப் போக மனசு வராமல் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது போயிருச்சுங்க மேடம். புதுசு ஒண்ணு போட்டு, ப்ரோக்ராம் ஏத்திக் குடுத்தர்றேன்" என்றார்.

"இதுல இருக்கறத எடுத்து அதுல போட முடியாதுங்களா?"

"போர்டு பேசினாத்தானுங்க எடுக்க முடியும். கம்ப்யூட்டர்ல காப்பி இருக்குங்களா?"

உன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு உன் அண்ணன் அதை எப்போதோ விற்றுவிட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

"அதனால என்னங்க, என்னா மெசேஜ் வரணும்னு சொல்லுங்க. நானே அடிச்சுடறேன்."

நல்ல மனிதர்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் 'எந்திரிடி என்று போடுங்கள்' என்று எப்படிச் சொல்வது? சொல்லி அவர் அடித்தாலும் அது அவர் அடித்ததுதானே. யோசித்து வருகிறேன் என்று டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். உன்னை இரண்டாம் முறை பறிகொடுத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

இன்று காலை வாசல் வெயிலில் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். போர்டின் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பொத்தான்களில் ஒன்று மட்டும் பள்ளமாக இருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த ஏடு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நீ வருவாய். நான் மோட்டார், ஸ்டார்ட்டர், மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரும்போது டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். "மூடி மேல வையி. உள்ள வச்சே, கொன்னுருவன்" என்பாய். இந்த வருசம் பிடித்துக்கொள்ள நீ இல்லை. மூடியில் வைக்கத்தான் கையைக் கொண்டுபோனேன். ஆனால் நீ உள்ளே இருக்கிறாய் என்று பட்டது. திறந்து, போர்டின் மேலேயே தாராளமாகக் குழைத்து வைத்தேன். அது வழிந்து ரீசெட் பொத்தானுக்குள் இறங்கி, காய்ந்து, அதை அமுங்கினபடியே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பொத்தானை விட்டால்தான் போர்டு கண்விழிக்கும் என்று எனக்கே தெரியும், நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்தானே!

ஸ்பிரிட்டில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். ஊசி முனையால் ஓரத்தைச் சுரண்டினேன். 'டிக்' என்று பொத்தான் மேலே வந்தது. ஈரம் காயும்வரை விசிறிவிட்டு, கொட்டாய்க்குக் கொண்டுபோய் ஒயர்களை மாட்டினேன். நீல விளக்கு கண்ணடித்தது.

பிறகு கரண்டுக்காகக் காத்திருந்தேன், நீ டப்பா கொண்டுவருவதற்கு முன்பு காத்துக் கிடந்த அதே இடத்தில். பூவெடுத்த செடிகள் வெயிலில் தலை தொங்கிக் கிடந்தன. மத்தியானம் தாண்டி, மடியில் போன் அதிர்ந்தது.

'எந்திரிடி, கரண்டு வந்துருச்சி.'

'ஆன்' அனுப்பினேன். மோட்டார் உறுமியது, தண்ணீர் தொட்டியில் விழுந்தது. சும்மா இருக்க முடியவில்லை. 'சாரிடி, உள்ள வச்சிட்டேன்' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'புரியல, ஒழுங்கா சொல்லுடி.'

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். போர்டு பேசும்போதே உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்து வைத்துவிடுகிறேன். அடுத்த பூசைக்குப் பொட்டு மூடி மேல்தான், சத்தியம். இவ்வளவும் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. ஒழுங்காகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ இல்லாம எனக்கு முடியலடி.