மானூர் தாண்டிய சைக்கிள்

இன்று காலை கத்தரிக்காய் வாங்கப் போனேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் பஞ்சர் ஒட்டுகிறவர் டியூப்பை உரசிச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வந்த காரியம் மறந்து நின்றுவிட்டேன். உன் வாடகை சைக்கிளில் எப்போதும் அந்த வாசம்தான். பழகப் போன நாட்களில் கரிவலம் சாலையின் உடைமுள்ளெல்லாம் உன் டயரைத்தான் தேடி வந்து குத்தும். நீயும் அலுத்துக்கொள்ளாமல் உருட்டிக்கொண்டு வருவாய். ஒருமுறை முட்புதருக்குள்ளேயே விழுந்துவிட்டு, சேலையெல்லாம் முள்ளோடு வந்து என் முன்னால் நின்று சிரித்தாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நீயும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊராரின் நல்லது கெட்டதையெல்லாம் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்றிவிடுவோம். எல்லாருடைய சேதியும் நம் கைவழியாகப் போனது. உன் சேதியை மட்டும் நீ வெகுநாள் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போய், என் கையைப் பிடித்து உன் இடது மார்பில் வைத்தாய். புளியங்கொட்டை போல ஒன்று விரலில் தட்டியது. உன் மாமியாருக்குத் தெரியும் என்றாய். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவர் தினமும் பூசிவிடுவதாகவும், அது பாட்டுக்கு வளர்வதாகவும் சொன்னாய்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மளிகைக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உன்னைச் செங்கோட்டை வழியாக மலைதாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மார்பை எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் என்றால் கதிர் வைத்தியம். நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆபீசில் உனக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தோம். உன் வீட்டில் அதை ‘அந்த நோவு’ என்றார்கள். நீ திரும்பி வந்தபோது உன்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

உனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. வாய் திறந்தால் கடையநல்லூர்ப் பெண்ணைப் பற்றியே பேசினாய். நெசவுக்காரர் வீட்டுப் பெண். உன்னைப் போலவே கரண்ட் வைக்க வந்தவள். அறை எடுக்க வழியில்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டதும், கைப்பிள்ளையோடு பாதி வைத்தியத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாளாம். “ஆஸ்பத்திரில வைத்தியத்துக்குக் காசு கேக்கலட்டி. படுக்கதுக்கு ஒரு எடம் இல்லாமத் திரும்பிப் போறா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, நீ அழுதாய். உனக்காக நீ அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் ஊருக்கு ஊர் ஒருவர் வந்து, மைதானத்தில் சைக்கிளை விட்டு இறங்காமல் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். சனங்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். நம் ஊருக்கும் வந்தார். நாம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நீ சொன்னாய்: “ஒரே எடத்தச் சுத்துதவருக்கே குடுக்காங்க. நான் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தா குடுக்கமாட்டாங்களா?”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்; வழியில் மானூரைத் தாண்டவே மூன்றில் இரண்டு பங்குத் தூரம் மிதிக்க வேண்டும். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை உனக்கு அடிக்கடி வீங்கிக்கொள்ளும். தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஆனால் டாக்டரே கைக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் படித்தபோது ஓட்டிய பழக்கம் உனக்கு இருந்தது. அடுத்த வாரமே வாடகை சைக்கிள் எடுத்துவிட்டாய். திருவனந்தபுரத்தில் நம் பக்கத்து நோயாளிகள் தங்க ஒரு வீடு பிடிக்க வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறினோம். பெரிய ஜவுளிக்கடை அண்ணாச்சி உன்னை மேலும் கீழும் பார்த்தார். “மானூர் தாண்டிருவியாம்மா? தாண்டிட்டா வீட்டு வாடகைய நான் ஏத்துக்கிடுதேன். தாண்டலன்னா ஒத்தப் பைசா கேக்கக்கூடாது” என்றார். அவரைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மானூர் தாண்டினால்தான் பணம் என்றாகிவிட்டது.

உன் மாமியார் பல நாள் உன்னோடு பேசவில்லை. பொம்பளை சைக்கிள் ஏறி ஊர் சிரிக்கப் போகிறது என்று அண்ணனிடம் புலம்பினார். கிளம்புகிற அன்று காலையில் மட்டும் வாசலுக்கு வந்து, உன் வீங்கிய கையில் துணியை இறுக்கிச் சுற்றிவிட்டார். “கை கடுத்தா எறங்கிரு. மானம் ஒண்ணும் பெருசில்ல” என்றார். அது போதுமாக இருந்தது உனக்கு.

மார்கழிக் குளிரில் பேருந்து நிலையத்தின் முன்னால் நல்ல கூட்டம். யாரோ ஒரு மைக்கை உன் கையில் கொடுத்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புவாய் என்றுதான் நினைத்தேன். நீ, “எனக்குக் கேன்சர் வந்துது” என்றாய். “ஒரு பக்கத்து மார எடுத்துட்டாங்க. நான் இருக்கேன். உங்க வீட்ல யாருக்கும் கட்டி இருந்தா மறைக்காதீங்க.” அந்தப் பேரை நம் ஊரில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலை மிதித்தாய். அண்ணன் மொபெட்டில் பின்னால் வந்தார்.

எனக்கு அன்று டூட்டி. வழியில் இருக்கிற தபாலாபீஸ்களிலிருந்து தகவல் சொல்ல ஏற்பாடு செய்திருந்தோம். பனவடலிசத்திரத்திலிருந்து கூப்பிட்டார்கள்: தாண்டிவிட்டாய், சிரித்துக்கொண்டு போகிறாய். அடுத்தது மானூர். அங்கிருந்து கூப்பிடவே இல்லை. வெயில் ஏறியது. நானாகக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சி போன் செய்து, “மானூர் வந்தாச்சாம்மா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை அவர் குரலில் கேலி இல்லை. “பணம் கெடக்கட்டும்மா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார். ஒருவருக்குப் போட வேண்டிய இணைப்பை இன்னொருவருக்குப் போட்டு வசவு வாங்கினேன்.

மதியத்துக்கு மேல், வெளியூர் அழைப்புகளைப் போடும் திருநெல்வேலி டிரங்க் ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டாள். “சங்கரன்கோவிலா? ஒரு அக்கா இங்கன நிக்காங்க. பேசுங்க” என்றாள்.

“ஏட்டி, வந்துட்டேன்” என்றாய் நீ.

நீயே நடந்ததைச் சொன்னாய். மானூருக்கு முன்னால் கை கனத்துப் போய் ஹேண்டில் பாரைப் பிடிக்க முடியவில்லையாம். மாமியார் சொன்னபடி இறங்கி, ஒரு வேப்பமரத்தடியில் படுத்து, கையைக் கிளையில் துண்டால் கட்டித் தூக்கி வைத்திருந்தாயாம். கனம் இறங்கும்வரை அண்ணன் விசிறிக்கொண்டு இருந்திருக்கிறார். பிறகு எழுந்து மிதித்திருக்கிறாய். மானூரிலிருந்து ஏன் தகவல் வரவில்லை என்று கேட்டேன். “தபாலாபீஸ்ல இருந்தவங்க எல்லாரும் என்னப் பாக்க ரோட்டுக்கு வந்துட்டாங்கட்டி. அங்க போன் எடுக்க யாரு இருக்கா?” என்றாய். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அப்புறம் அண்ணாச்சி கடைக்கு இணைப்புப் போட்டு, “தாண்டிட்டா” என்று சொன்னேன். அவர், “முருகா” என்றார். அவ்வளவுதான்.

வாடகையை அவர் சாகும்வரை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக வீடு கிடைத்தது. நீ கடையநல்லூருக்குப் போய்த் தெருத் தெருவாக விசாரித்து, அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாய். அந்த வீட்டில் முதலில் படுத்தவள் அவள்தான். வைத்தியம் தாமதமாகிவிட்டது என்றாலும், மூத்த மகளுக்கு நிக்காஹ் முடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு ஒவ்வொரு மார்கழியும் நீ எங்காவது மிதித்துக்கொண்டு போனாய்: தென்காசிக்கு, ராஜபாளையத்துக்கு. ஒருமுறை குருவிகுளத்திலிருந்து வைத்தியம் முடிந்து வந்த ஒரு விவசாயி, ‘நானும் வாரேன்’ என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன்கூடவே வந்தார்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. நீ மைக்கில் பேசிய அந்த வாரத்திலிருந்தே பெண்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வர ஆரம்பித்தார்கள். டிரங்க் கால் போடுவதைப் போல வந்து நின்று, கூட்டம் குறைந்ததும் உன் காதில் ஏதோ சொல்வார்கள். நீ பின்னறைக்கு அழைத்துப் போவாய். பலருக்கு ஒன்றும் இருக்காது. சிலரைத் திருவனந்தபுரத்துக்கு ரயிலேற்றிவிட்டோம்.

உனக்கு ஒவ்வொரு செக்கப்பின்போதும், அது திரும்பியிருக்குமோ என்று பயந்து நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நீ சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாய். நம் இருவருக்கும் தலை நரைத்தது, பேரன் பேத்தி பிறந்தார்கள், டிரங்க் காலே இல்லாமல் போனது. போன வருடம் நீ மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அழுகைக்கு நடுவில் நான் டாக்டரைத் தனியாக இழுத்து, அதனால் இல்லையே என்று கேட்டேன். இதயம்தான், வயதாகிவிட்டதல்லவா என்றார். என் நெஞ்சில் அத்தனை வருடம் அழுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் இறங்கியது. அந்த நோய் உன்னை ஜெயிக்கவில்லை. உன்னைச் சுற்றி எல்லாரும் மாரடித்து அழுதார்கள். நான் நிம்மதியாக அழுதேன்.

உன் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. சைக்கிள் எனக்கு வராது, பயந்துகிடக்கிற பெண்களோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவேன். நாளைக்கு எதிர்வீட்டு மருமகளோடு பரிசோதனைக்குப் போகிறேன். மார்பில் கட்டி தட்டியதிலிருந்து இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்தாள். சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன். ‘அந்த நோவா இருக்குமோ அத்தை’ என்றாள். பேரைச் சொல்லு மக்கா என்றேன். மெதுவாகச் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். இந்த முறை அடுப்படியில் இருந்த அவள் மாமியாருக்கும் கேட்டது. மாமியார் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பிள்ளை சாப்பிட்டது.