லைக் போடாத நாள்

வியாழன், இரவு.

நேற்று மூன்றரை மணி நேரம் ரீல்ஸ் பார்த்ததாக போனே கணக்குக் காட்டியது. வெட்கமாக இருந்தது. காலையில் அந்த ஆப்பையே அழித்துவிட்டேன். தறியில் உட்கார்ந்த பிறகும் கை போனைத் தேடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வந்தவாசியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "இன்னாக்கா, என் போட்டோவுக்கு லைக்கே காணோம். கோவமா?"

"ஆப்பையே எடுத்துட்டேன்டி. நீ எப்படிக்கீறே?"

அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். மார்பில் கட்டியாம். ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம். அந்த மாதம் முழுக்க அவள் சிரித்த படங்களுக்கு நான் லைக் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அழுதுகினு இருக்காதே. காலைல மொத பஸ்ஸுக்கு வரேன். டாக்டராண்ட போலாம்" என்றேன்.

அந்த ஆப் இனி என் போனில் ஏறாது. பையில் மாற்றுப் புடவை வைத்தாயிற்று. இனி தினமும் அவள் குரலைக் கேட்க வேண்டும்.